கொட்டில் பட்டறையான கதை

ஒரு வீட்டின் செல்வத்தை அறிய விரும்புவோர் அதன் முன் விறாந்தையைப் பார்ப்பர். அவ்வீட்டின் வரலாற்றை அறிய விரும்புவோரோ அதன் கோடிப்புறத்துக் கொட்டிலைப் பார்த்தல் வேண்டும். விறாந்தையிலே வருவோர்க்கெனத் துடைத்து வைத்த கதிரைகள் இருக்கும். கொட்டிலிலே, வீட்டார் பயன்படுத்தவும் இயலாமல் எறியவும் மனமில்லாமல் விட்டுவைத்தவை யாவும் இருக்கும். "கிடக்கட்டும், எதற்கும் உதவும்" என்னும் ஒரு சொல்லின் பேரில் நம் யாழ்ப்பாணத்து வீடுகளிலே எத்தனை தலைமுறைப் பொருள்கள் துயில்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பே உண்டாகும்.

எங்கள் வீட்டுக் கோடியிலுள்ள கொட்டில் என் பாட்டனார் காலத்தில் மாடுகளுக்கெனக் கட்டப்பட்டது. நீளம் 12 அடி, அகலம் 8 அடி. பனந் தீராந்தியும் பனஞ் சிலாகையும் இட்டு மேலே ஓடு வேய்ந்தது. வைரம் பாய்ந்த பனையைக் கறையான் எளிதில் அண்டாது. ஆதலின் மாடுகள் போய்ப் பல ஆண்டுகள் சென்றும் கூரை அசையாமல் நின்றது. அதன் கீழே உடைந்த தொட்டில், இறைப்பு இயந்திரத்தின் துருவேறிய உறுப்புகள், உக்கிப்போன கிடுகுக் கட்டு, வெற்றுச் சாக்குகள், இவற்றுக்கிடையே நான்கு சைக்கிள்கள். அந்த நான்கினுள் ஓடத் தக்கது ஒன்றே. அக்கொட்டிலை நானும் என் மகளுமாகச் சைக்கிள் பட்டறையாக்கிய வரலாற்றையே இங்கு கூறப் புகுகின்றேன். இதனைப் படிப்போருள் ஒரு சிலரேனும் தத்தம் வீட்டுக் கோடிக்குச் சென்று ஒரு முறை எட்டிப் பார்ப்பாராயின் எழுதிய பயனை அடைந்தவனாவேன்.

சைக்கிளுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள உறவு பழையது. மலையில்லாத சமநிலம், வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகள், இரண்டு மைலில் சந்தை, மூன்று மைலில் பாடசாலை. இத்தகைய நாட்டுக்கென்றே படைக்கப்பட்டதோ என்று எண்ணுமாறு அவ்வாகனம் இங்கு பொருந்திற்று. 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவன்றி நகரில் யோன் கெம்ப் ஸ்ராலி என்பவர், ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரு சில்லுகளும், பின் சில்லைச் செயின் கொண்டு சுழற்றும் அமைப்பும் உடைய சைக்கிளை விற்பனைக்கு விட்டார். 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரத்து யோன் பொய்ட் டன்லப், காற்றடைத்த ரயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். டன்லப்போ தொழிலால் ஒரு கால்நடை வைத்தியர். எனவே மாட்டுக் கொட்டிலொன்று சைக்கிள் பட்டறையாவதில் பொருத்தமின்மை யாதுமில்லை என்று நான் கூறினால் நேயர்கள் மறுக்கமாட்டார்கள்.

றலி, ஹம்பர் என்ற ஆங்கிலப் பெயர்களையும், பின்னாளில் நம் நாட்டு லுமாலாவையும் அறியாத ஊர் குடாநாட்டில் இல்லை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் அற்று, பற்றரியும் எரிபொருளும் அரிதான காலத்தில், சைக்கிளே எங்களுக்கு வாகனமும் மின்நிலையமும் ஆயிற்று. ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் பெடலைக் கையினாற் சுழற்றி, டைனமோவின் வலுவில் வானொலிச் செய்தி கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். ஆதலால் இடையிலே இருவாயியொன்றைப் பொருத்த வேண்டும் என்பதை அந்நாளிற் சிறுவர்களும் அறிந்திருந்தனர். என் தந்தையார் செய்தி கேட்பதற்காக நானும் தம்பியும் மாறி மாறிச் சுழற்றியது அவருடைய றலியைத்தான்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருங்கே வீடு நீங்கித் தென்மராட்சி நோக்கிச் சென்ற இரவில், நடக்கமாட்டாத எங்கள் பாட்டியைத் தம்பி தன் சைக்கிளின் கரியரில் இருத்தி, ஒரு கையால் அவரை அணைத்து, மறு கையால் ஹான்டிலைப் பிடித்து, சனநெருக்கத்தினூடே விடியும்வரை உருட்டிச் சென்றான். 1996ஆம் ஆண்டில் நாங்கள் ஊர் திரும்பியபோது வீட்டிற் கதவுகள் இல்லை. கொட்டிலின் பின்னே சாய்ந்து கிடந்த ஒரேயொரு கதவு மாத்திரம் எஞ்சியிருந்தது. 1998இல் தம்பி கடல் கடந்தான். அவன் சைக்கிள் கொட்டிலுக்குட் புகுந்தது. பின்னர் வெளியே வரவில்லை.

2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டது. பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோர் நம்முள் பலர். என் மோட்டார்ச் சைக்கிள் முற்றத்தில் ஓய்வெடுத்தது. பத்தாம் வகுப்பிற் படிக்கும் மகளோ நாள்தோறும் பாடசாலைக்கும் மாலை வகுப்புக்கும் போக வேண்டியவள். அவளுடைய சிறு சைக்கிளில் முழங்கால் ஹான்டிலில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். சந்தியிலுள்ள திருத்துநர் கடையிலே ஊரிலுள்ள பழஞ்சைக்கிள்கள் அத்தனையும் முறை பார்த்து நின்றன. புதியது வாங்குவதற்கு விலை இடந்தரவில்லை. "நான்கு சைக்கிள் உள்ள வீட்டில் நான் ஏன் நடந்து போக வேண்டும்?" என்று மகள் கேட்டாள். அக்கேள்வியிலிருந்தே எங்கள் வேலை தொடங்கிற்று.

முதல் வேலை வெளியேற்றுதல். கொட்டிலிலுள்ளவற்றை அங்கேயே வைத்துக்கொண்டு அடுக்குதல் ஒருபோதும் நிறைவேறாது; யாவற்றையும் முற்றத்து வெயிலிற் பரப்ப வேண்டும். பரப்பியபின் மூன்று குவியல்களாக்கினோம்: சைக்கிள் வேலைக்கு உதவுவன, வீட்டுக்கு உதவுவன, எதற்கும் உதவாதன. மூன்றாவது குவியலிலிருந்து என் தாயார் ஒவ்வொன்றாக எடுத்து இரண்டாவது குவியலிற் சேர்த்துக்கொண்டிருந்தார். எண்பது வயதுடைய தாயாரோடு வாதிடுவது முறையன்று. ஆகவே அவர் மீட்ட பொருள்களுக்கென ஒரு மூலையில் இறாக்கையொன்று அடித்துக் கொடுத்தோம். அந்த இறாக்கை நிரம்பியதும் அவரே, "இனி உதுகள் வேண்டாம்" என்றார். இடத்துக்கு ஓர் எல்லை வகுத்துவிட்டால் எதை வைப்பது, எதை விடுவது என்பதை அவ்வெல்லையே தீர்மானித்துவிடுகிறது.

அடுத்தது நிலமும் வெளிச்சமும். சாணியால் மெழுகிய மண் தரை மாட்டுக்கு இதமானது. சைக்கிள் வேலைக்கு ஆகாது. முன் சில்லின் நடுக் குடத்தில் உள்ள உருக்குக் குண்டு ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கே அகலமுடையது. மண்ணில் விழுந்தால் அது மண்ணுக்கே சொந்தம். எனவே வாசற்புறம் சற்றே சரியுமாறு சீமெந்துத் தரை போட்டோம். கூரையில் நான்கு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடுகளை வைத்தோம். முன்பு பட்டப்பகலிலும் விளக்குத் தேடிய இடத்தில், காலை எட்டு மணிக்கே செயினின் ஒவ்வொரு கண்ணியும் தெரியலாயிற்று.

1996இல் எஞ்சிய கதவே எங்கள் வேலைமேசையாயிற்று. அதனைச் சீமெந்துக் கல்லடுக்கின்மீது கிடத்தினோம். நின்று வேலை செய்வோனின் முழங்கை மட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே மேசை இருக்குமாயின் முதுகு நோகாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் திருத்துவது நம்மவர் வழக்கம். குனிந்து குனிந்து இடுப்பொடிவதும் வழக்கம். நாங்கள் தீராந்தியில் இரு கொளுக்கிகள் இட்டு, துணி சுற்றிய கயிறுகளைத் தொங்கவிட்டோம். ஒரு கயிற்றில் ஆசனமும் மற்றையதில் ஹான்டிலும் தொங்க, பெடல் இடுப்பு மட்டத்தில் நிற்கும். சில்லு தடையின்றிச் சுழலும். சைக்கிளைச் சுற்றி நாலு புறமும் நடந்து பார்க்கலாம்.

ஆயுதங்களை ஒழுங்கு செய்யும் பொறுப்பை மகளிடம் விட்டேன். அவள் பலகையொன்றைச் சுவரில் அறைந்து, ஆணிகளில் சாவிகள், குறடு, சுத்தியல், அரம், ஸ்குறூ டிறைவர் முதலியவற்றை மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் சுற்றி வெள்ளைப் பூச்சினாற் கோடிட்டாள். ஆயுதம் இல்லாத இடத்தில் அதன் உருவம் மாத்திரம் தெரியும். மாலையில் பலகையை ஒரு முறை பார்த்தாற் போதும். எது திரும்பவில்லை என்பது உடனே புலப்படும். அயல்வீட்டார் இரவல் வாங்கியவையும் இவ்வாறே நினைவூட்டப்பட்டன என்பதை இரகசியமாகச் சொல்லி வைக்கின்றேன்.

சிறு பொருள்களுக்குச் சாடிகள் உதவின. கண்ணாடிப் போத்தலின் தகர மூடியைத் தீராந்தியின் அடிப்பக்கத்தில் ஆணியால் அறைந்துவிட்டு, போத்தலைக் கீழிருந்து மூடியில் முறுக்கினால் அது தலைக்கு மேலே தொங்கும். உள்ளிருப்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு போத்தலில் வால்வு றப்பர், ஒன்றில் கொட்டர் பின், ஒன்றில் கால் அங்குலக் குண்டு, ஒன்றில் சிறு குண்டு. றலிக்கு மாத்திரம் தனிப் பேணி. ஏனெனில் பெடல் அச்சுக் கிண்ணத்தில் மற்றைய ஆங்கிலச் சைக்கிள்களுக்கு அங்குலத்துக்கு 24 புரியாயிருக்க, பழைய றலிக்கு 26 புரி. ஒன்றினதை மற்றையதில் வலிந்து ஏற்றினால் இரண்டும் கெடும். சாவியிலும் இப்படியே, பழைய ஆங்கிலச் சைக்கிளின் சுரைகள் அங்குல முறையிலும் இக்காலத்தன மில்லிமீற்றர் முறையிலும் அமைந்தவை. ஏறக்குறையப் பொருந்தும் சாவி, சுரையின் மூலைகளை உருட்டிவிடும்.

இவ்வாறு இடம் ஒழுங்கானதும் வேலை தானே விளங்கத் தொடங்கிற்று. மாணவர்க்குப் பயன்படுமென்று ஒன்றிரண்டைக் கூறுகின்றேன். சைக்கிள் செயினில் ஓர் ஊசி மையத்திலிருந்து அடுத்த ஊசி மையம் வரை அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகளை அடிமட்டத்தால் அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். அதற்குமேல் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. உடனே மாற்றாவிடின் அது பற்சில்லுகளையும் தின்றுவிடும். மகள் தம்பியின் சைக்கிளினதை அளந்தாள்: 12 அங்குலம். என்னுடைய இந்தியச் சைக்கிளினதை அளந்தாள்: பன்னிரண்டேகாலை எட்டிற்று. கடைக்காரரின் கைக்கும் கண்ணுக்கும் மாத்திரம் புலப்படும் என்று நான் எண்ணியிருந்த உண்மை, ஓர் அடிமட்டத்தில் எழுதியிருப்பதை அவள் காட்டினாள்.

இடப்பக்கப் பெடல் மற்றைய திருகாணிகளைப் போலன்றி எதிர்ப்பக்கமாகவே கழலும். ஓட்டத்தின்போது தானே தளர்ந்து வீழாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இதனை அறியாதவன் எவ்வளவு பலங்கொண்டு திருகுகின்றானோ அவ்வளவுக்கு அதனை இறுக்குகின்றான். ஒட்டுப் போடும்போது ரியூபை அரத்தாளாற் தேய்த்து, பசை பூசியவுடன் ஒட்டாமல், பசையின் ஈரம் வற்றும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருந்து ஒட்ட வேண்டும். அவசரத்தில் ஒட்டியது அடுத்த சந்தியிற் கழன்றுவிடும்.

இத்தகைய சிறு வேலைகளாற் பெரும் பயன் விளையாது என்று கருதுவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் டேற்றன் நகரில் 1892ஆம் ஆண்டில் சைக்கிள் விற்கவும் திருத்தவும் கடை திறந்த இரு சகோதரர், வில்பர் றைற்றும் ஓவில் றைற்றும், 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் விமானத்தில் வானிற் பறந்தனர். அவ்விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியது சைக்கிளின் முறையை ஒத்த செயினும் பற்சில்லுமே. அதன் உறுப்புகளிற் பெரும்பாலானவை உருவானதும் அச்சைக்கிள் கடையின் பட்டறையிலேயே. எல்லார் கொட்டிலிலிருந்தும் விமானம் புறப்படவேண்டும் என்பதில்லை. மகள் நேரத்துக்குப் பாடசாலை சேர்ந்தாலும் போதும்.

பட்டறை அமைப்போர் மறக்கலாகாத எச்சரிக்கையும் உண்டு. மண்ணெண்ணெயும் ஒட்டுப் பசையும் தீப்பற்றுவன. அவற்றை அடுக்களைச் சுவரோடும் விளக்கருகிலும் வைக்கலாகாது. எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தலும் ஆகாது. றப்பருக்கு வெயிலும் பகை, எண்ணெயும் பகை. ரயரைக் காற்றின்றி நிலத்தில் நிற்க விட்டால் மடிந்த இடத்தில் வெடிக்கும். கடற்காற்று வீசும் நம் குடாநாட்டில் இரும்பைத் துடையாது விட்டால் ஒரு மாரி முடிவதற்குள் துருப் பூக்கும்.

இனி, தம்பியின் சைக்கிளுக்கு வருகின்றேன். மகளின் உயரத்துக்கு இசைந்தது அதுவொன்றே. அதனைக் கயிற்றில் ஏற்றச் சென்றபோது தாயார் வாசலில் வந்து நின்றார்.

"உதைத் தொடாதை மோனை. அவன் வந்தால் எதிலை ஓடித் திரியிறது?"

தம்பிக்கு இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல். அவன் பிள்ளைகள் அந்நாட்டு மொழியில் எங்களோடு பேசுகின்றனர். இவற்றையெல்லாம் தாயார் அறியாதவரல்லர். ஆயினும் அந்தச் சைக்கிள் அங்கே நிற்கும்வரை, அவன் இவ்வீட்டிலிருந்து முற்றாகப் போய்விடவில்லை என்பது அவர் கணக்கு. பாட்டியைச் சுமந்த கரியரில் அவர் கட்டிவைத்த வெள்ளைத் துணி அப்படியே இருந்தது. நான் மறுமொழி கூறாமல் சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிட்டு, தந்தையாரின் றலியைக் கயிற்றில் ஏற்றினேன்.

அந்த றலிக்கு அறுபது வயதுக்குக் குறையாது. தந்தையார் காலமான பின்னரும் அது ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. காலையிற் சந்தைக்குப் போவது அதில்தான். பூச்சு உரிந்து, ஆசனத் தோல் வெடித்து, மட்காட் கிணுகிணுக்கும் கிழச் சைக்கிள். பின் சில்லை விரலாற் சுண்டினேன். ஓசையின்றி நெடுநேரம் சுழன்று, காற்றடிக்கும் வால்வின் பாரத்தால் முன்னும் பின்னும் ஆடி ஓய்ந்தது. தாயார் பார்த்துக்கொண்டே நின்றார். பின்பு தாமாகவே சென்று, தம்பியின் சைக்கிளின் முன் சில்லைத் தூக்கிப் பிடிக்குமாறு பேத்தியிடம் சொல்லி, தம் கையாற் சுழற்றினார். அது அரைவட்டம் கரகரத்து நின்றது. உள்ளேயிருந்த கிறீஸ் மெழுகாய் இறுகியிருந்தது. ரயர் சாம்பல் நிறமாகிப் பாளம் பாளமாய் வெடித்திருந்தது. எவரும் தொடாமல் 24 ஆண்டுகள் காத்த பொருள் அது.

அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கையில் வந்து, "அந்தச் சைக்கிளையும் ஒருக்காப் பாரன்" என்றார். கரியரிலிருந்த வெள்ளைத் துணியைத் தாமே அவிழ்த்து எடுத்துக்கொண்டார்.

அச்சைக்கிளைக் கழற்றிப் பூட்ட எங்களுக்கு இரண்டு கிழமை சென்றது. குடங்களை மண்ணெண்ணெயிற் கழுவி, குண்டுகளை வெள்ளைக் கோப்பையில் இட்டு எண்ணி, புதுக் கிறீஸ் வைத்தோம். ரயர், ரியூப், பிறேக் கட்டை ஆகியவை புதிதாக வேண்டியிருந்தன. செயின், பற்சில்லு, மணி யாவும் பழையனவே. மகள் அதில் முதன்முறை பாடசாலைக்குப் புறப்பட்டபோது படலையடிவரை சென்று பார்த்தவர் தாயார். அந்த வார இறுதியில் தம்பி தொலைபேசித் திரையில் வந்தான். மகள் ஒழுங்கையில் ஓடுவதைக் காட்டினோம். சற்று நேரம் பேசாதிருந்தவன், "மணியை ஒருக்கா அடிக்கச் சொல்லுங்கோ" என்றான். அவள் அடித்தாள். "அதே மணிதான்" என்றான். அவ்வளவே. அதன்பின் ஒவ்வொரு மாலையும் மகள் வந்திறங்கியதும் அந்தச் சைக்கிளின் தூசியைத் துடைப்பது தாயாரின் வேலையாயிற்று. துடைப்பதற்கு எடுப்பது அந்த வெள்ளைத் துணியையே.

கொட்டில் ஒழுங்கானதால் எங்களுக்கு மிஞ்சிய பணம் எவ்வளவு என்று நான் கணக்கிடவில்லை. நடந்தவற்றை மாத்திரம் சொல்லுவேன். நான்கு சைக்கிள்களில் மூன்று ஓடுகின்றன. மகளின் சிறு சைக்கிள் அயல்வீட்டுச் சிறுமிக்குச் சென்றது. சனிக்கிழமைகளில் ஒழுங்கைப் பிள்ளைகள் இருவர் மூவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகின்றனர். திருத்தித் தருமாறு கேட்டு வருவோருக்கு மகள் சாவியைக் கையிற் கொடுத்து, "நீயே கழட்டு, நான் சொல்லித் தாறன்" என்கிறாள். இடப் பெடலை எப்பக்கம் திருக வேண்டும் என்பது இப்போது எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும்.

பெற்றோர்களே, பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஒரு பலகை, பத்து ஆணி, நாலு போத்தல், இரண்டு முழக் கயிறு, பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு பிற்பகல்: இவை எல்லா வீட்டிலும் உள்ளவையே. வரும் மாரிக்கு முன் ஒரு நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். கொட்டிலில் உள்ளவற்றை வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். பின்னர் அங்கே சாய்ந்து நிற்கும் சைக்கிளின் சில்லை ஒரு முறை சுண்டிவிடுங்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அதுவே சொல்லும்.